காலுக்குத் தெரியுதா?

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நாங்கள் இருவரும் வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போவோம். நாங்கள் என்றால் கோவில்பட்டியிலிருந்து கழுகுமலைக்குப் போகும் ஒரு தனியார் பஸ்ஸின் டிரைவரும், அதன் கண்டக்டராக இருந்த நானும். அவருக்குச் சுகர், எனக்கு பிரஷர். ஒன்றின் பின்னால் ஒன்றாக ஒரே வருஷத்தில் வந்து சேர்ந்தன. "வண்டியும் ஒண்ணு, வரும்படியும் ஒண்ணு, சீக்க மட்டும் ஆளுக்கொண்ணா வாங்கிக்கிட்டோம் பாய்" என்பார்.

அவர் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். எனக்கு அவர் அண்ணாச்சி, அவருக்கு நான் பாய். எங்கள் வீட்டில் எல்லோரும் பஜாரில் கடைக்காரர்கள். ஒரே இடத்தில் உட்கார்ந்து, கடைக்கு வருகிறவர்களைப் பார்த்தெல்லாம் சிரித்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. அதனால்தான் பஸ் ஏறினேன். பஸ்ஸில் வருகிறவர்களைத் திட்டலாம், அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விடுவார்கள். அண்ணாச்சிக்கு எப்போதும்வென்றான் என்ற ஊர்ப் பக்கம். ஆடு வைத்திருந்த குடும்பம். லைசென்ஸ் எடுக்கிற வயது வரும்வரை செருப்பில்லாமல் ஆட்டுக்குப் பின்னால் கரிசல் காடெல்லாம் நடந்தவர். அந்தக் கால் பிறகு பதினெட்டு வருஷம் என் கண் முன்னால் பஸ் ஓட்டியது.

வெறும் வயிறு என்பதற்கு எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று அந்த லேப்காரப் பையனுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. இட்லியோ சோறோ உள்ளே போகாவிட்டால் அது வெறும் வயிறு. காப்பி கணக்கில் வராது. முதல் தடவை ரத்தம் எடுக்கப் போனபோது அவன் கேட்டான்:

"ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"பச்சத் தண்ணி பல்லுல படல. ஒரு காப்பி மட்டும் குடிச்சேன்."

"காப்பியா? சீனி போட்டா?"

"சீனி நமக்கு ஆகாதுல்லா தம்பி. கருப்பட்டி."

அன்றைக்குத் திருப்பி அனுப்பிவிட்டான். வெளியே வந்ததும் நான் சிரித்த சிரிப்பில் அண்ணாச்சி ஆட்டோவில் ஏற மறுத்து நடந்தே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். எனக்குப் பட்டினி ஒரு பொருட்டில்லை. "ஒமக்கென்ன வே, வருசத்துக்கு ஒரு மாசம் டிரெயினிங் எடுக்கிற ஆளு" என்று அதற்கும் ஒரு சொல் வைத்திருந்தார்.

அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு இட்லி வாசம் வருகிறது. முதல் நடை கழுகுமலை போய்த் திரும்பினால் ஒரு மணி நேரம் வண்டி நிற்கும். அதற்குள் ஆஸ்பத்திரி போய் வந்துவிட வேண்டும். இரண்டு வீட்டு டிபன் பாக்ஸையும் என்ஜின் பானெட்டின் மேல் வைத்திருப்போம். அந்தச் சூட்டில் இட்லி ஆறாது. பட்டினி வயிற்றோடு ஒருவர் ஓட்ட, ஒருவர் டிக்கெட் கிழிக்க, நடுவில் இரண்டு டப்பாவும் ஆடிக்கொண்டே வரும். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்கள் முன்பக்கம் நின்றுகொண்டு, "அண்ணே, இன்னைக்கும் ரத்தம் குடுக்கப் போறீங்களா? மொகத்துலயே எழுதியிருக்கு" என்று கேலி செய்வார்கள். அந்தப் பேச்சையும் அந்தச் சூட்டையும் யாராவது திருப்பித் தருவதாக இருந்தால், பட்டினி கிடக்க நான் இன்றைக்கும் தயார்.

அண்ணாச்சி செருப்புப் போட்டு வண்டி ஓட்ட மாட்டார். ஏறியதும் இரண்டு செருப்பையும் கழற்றிச் சீட்டுக்குக் கீழே தள்ளிவிடுவார். "நடுவுல தோல் இருந்தா பிரேக்கு என்ன சொல்லுதுன்னு காலுக்குக் கேக்காது பாய்." அது உண்மைதான். அவர் பிரேக் போட்டால் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிற குமரிப்பிள்ளைகூட ஒரு அடி நகர மாட்டாள். மழைக்காலத்தில் ரோட்டில் கரிசல் இழுகிக் கிடக்கும். மற்ற வண்டிகள் எல்லாம் நண்டு மாதிரி பக்கவாட்டில் போகும்போது எங்கள் வண்டி மட்டும் நேராகப் போகும்.

செருப்பில்லாத காலுக்கு ஒரே தொந்தரவு முள். கடைசி நிறுத்தத்தில் வெறுங்காலோடு இறங்கிக் காட்டுக்குள் ஒதுங்கிவிட்டு வருவார். சீமைக்கருவேல முள் ஏறிவிடும். "ஆ...!" என்று அவர் போடும் சத்தத்தில் வண்டிக்குள் தூங்குகிறவர்கள் விழித்துக்கொள்வார்கள். ஆறடி ஆள், அந்தச் சமயத்தில் பச்சைப்பிள்ளை. படியில் உட்கார்ந்து காலை என் மடியில் தூக்கி வைப்பார். டிக்கெட் பையின் வாரில் நான் எப்போதும் ஓர் ஊக்கு குத்தி வைத்திருப்பேன். அதைக் கொண்டு கிளறி முள்ளை எடுப்பேன். எடுத்து முடிக்கிறவரைக்கும் என் பரம்பரையையே ஏசுவார். முள் வெளியே வந்ததும், "கைராசிக்காரன்யா நீரு" என்பார்.

பிறகு ஒரு காலம் வந்தது. ஊக்குக்கு வேலை இல்லாமல் போயிற்று. கடைசி நிறுத்தத்தில் யாரோ சுத்தம் செய்துவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். இப்படி நினைத்தது என் தலையெழுத்து. முள்ளெல்லாம் அங்கேதான் கிடந்தது.

சுகர் வந்து சில வருஷமானவர்களுக்குக் காலையும் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு புது வழக்கம் தொடங்கியது. பேனா மாதிரி ஒரு பிடி, அதன் முனையில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. அதைப் பெருவிரல், விரலடி, குதிகால் என்று ஒவ்வொரு இடமாக நர்சம்மா ஊன்றுவார். ஊன்றிக்கொண்டே கேட்பார்:

"தெரியுதாய்யா?"

"தெரியுது."

"இங்கன?"

"தெரியுது."

முதல் தடவை அந்த அம்மாள் சரியாகத்தான் தொடங்கினார். "கண்ண மூடிக்கிடுங்கய்யா" என்றார். அண்ணாச்சி உடனே, "டிரைவர கண்ண மூடச் சொல்லப்பிடாதும்மா, பாசஞ்சர் பயந்துருவாவ" என்றார். வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நான். அதோடு நிற்கவில்லை. கைக்கடிகாரத்தைக் காட்டி, "நர்சம்மா, வண்டி எடுக்க பத்து நிமிசம்தான் இருக்கு, சட்டுனு முடிச்சு விடுங்க" என்றும் சொன்னேன். பின்னால் நாற்பது பேர் சுகர் நோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த அம்மாளும் சிரித்துக்கொண்டே கண் திறந்தபடியே பார்த்து முடித்தார். அடுத்தடுத்த தடவைகளிலும் அண்ணாச்சி அதே வேடிக்கையைச் சொன்னார். நானும் அதே மாதிரி சிரித்தேன். நோட்டில் 'கால் நலம்' என்று ஏறிக்கொண்டே வந்தது.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. பிறகு வேறு ஒரு நர்ஸ் வந்தாள். சின்ன வயசு, எங்கள் ஜில்லாக்காரிதான், ஆனால் கேலிக்கு மசிகிற ஆள் இல்லை. அண்ணாச்சி டிரைவர் கதையைத் தொடங்கியதுமே அவருடைய சுகர் நோட்டை விரித்து அவர் முட்டிக்கு மேலே திரை மாதிரி பிடித்துக்கொள்ளும்படி என் கையில் கொடுத்துவிட்டாள்.

"நீங்க கண்ண மூட வேண்டாம்யா. இவிய மறைச்சுக்கிடுவாவ. தொடும்போது சொல்லுங்க."

நான் நோட்டைப் பிடித்தபடி இந்தப் பக்கம் நின்றேன். எனக்குக் கால் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. அவள் பெருவிரலில் இழையை ஊன்றினாள். இழை வளைந்தது. அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் காத்துக்கொண்டிருந்தார். விரலடியில் ஊன்றினாள். குதிகாலில் ஊன்றினாள். அவர் என்னைப் பார்த்து, "எப்ப பாய் ஆரம்பிப்பாவ?" என்றார்.

அவள் இடது காலுக்குப் போனாள். அதில் குதிகாலில் ஓரிடத்தில் மட்டும் "ம், இப்பத் தொட்டது" என்றார். திரும்ப வலது காலுக்கு வந்து, பாதத்தை நிமிர்த்தி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தவள் அப்படியே நிறுத்தினாள். விரலடிக்குக் கீழே கறுப்பாக ஒரு புள்ளி. அதைச் சுற்றி தோல் தடித்து மூடியிருந்தது. அவள் இடுக்கியை எடுத்து மெல்ல இழுத்தாள். முள் வந்தது. அரை விரல் நீளம் இருக்கும். பின்னாலேயே கொஞ்சம் சீழும் வந்தது.

நான் அந்த "ஆ"வுக்காகக் காத்திருந்தேன். அவர் நோட்டுக்கு அந்தப் பக்கம் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சத்தம் வரவேயில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது கிடையாது.

"எத்தனை நாளா இது உள்ள கெடக்குன்னு தெரியல. கால்ல சொரணை இல்லைய்யா" என்றாள் நர்ஸ்.

அவள் சொன்னது உணர்ச்சியை. எங்கள் ஊரில் சொரணை என்ற சொல்லை அதற்கு மட்டுமா பயன்படுத்துகிறோம்? அண்ணாச்சிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "யாரப் பாத்து சொரணை இல்லங்கே? பதினெட்டு வருசம் ஒரு கோழியக்கூட அடிச்சதில்ல நான்!" என்று எழுந்துவிட்டார். அந்தக் காலை ஊன்றி எழுந்தார், முள் எடுத்த இடத்திலிருந்து தரையில் ரத்தம் பட்டது. அதுவும் அவருக்குத் தெரியவில்லை. நான் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

டாக்டர் வந்து பார்த்துப் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். நேரத்துக்குப் பார்த்ததால் தப்பித்தது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார். புண் ஆறும்வரை பஸ் வேண்டாம், ஆறின பிறகும் யோசிக்க வேண்டும் என்றார். எதற்கு யோசிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. எனக்கும் புரிந்தது, அண்ணாச்சிக்கும் புரிந்தது.

அடுத்த நடைக்கு மாற்று டிரைவரும் மாற்று கண்டக்டரும் வண்டியை எடுத்துப் போய்விட்டார்கள். நாங்கள் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். இரண்டு பேரும் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. டிபன் பாக்ஸ் பஸ்ஸோடு போய்விட்டது.

"ரெண்டு வருசமா தெரியுது, தெரியுதுன்னீங்களே அண்ணாச்சி" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நர்சம்மா தெரியுதான்னு கேட்டா. குனிஞ்சு பாத்தேன், அவ கையும் தெரிஞ்சுது, அந்த நரம்பும் தெரிஞ்சுது. தெரியுதுன்னேன். பொய்யா சொன்னேன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஒரே சொல். கண்ணுக்கும் அதுதான், காலுக்கும் அதுதான். கேட்டவள் காலைக் கேட்டாள், இவர் கண்ணால் பதில் சொன்னார். இத்தனை நாளும் நான் பக்கத்தில் நின்றேன். டிக்கெட்டில் ஓர் எழுத்து மாறினால் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிப்பவன், இதைக் கண்டுபிடிக்கவில்லை.

"வண்டி ஓட்டும்போது?" என்றேன்.

"மதமதன்னு இருக்கும். பஞ்சு மேல மிதிக்கிற மாதிரி. வண்டிச் சத்தத்த வச்சு, தொடைய வச்சு ஓட்டுதேன். ஒண்ணும் ஆகலல்லா இதுவரைக்கும்?"

"நாளையிலிருந்து எடுக்காதீங்க."

"அத நீரு சொல்லாதேயும்."

எனக்கும் கோபம் வந்தது. முன்பக்கம் டிபன் தூக்கோடு நிற்கிற பெண்களின் முகம் ஒவ்வொன்றாக வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். அந்த ஆளிடமிருந்து அந்த சீட்டை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மத்தியானம் வண்டி திரும்பி வந்து நின்றது. ஆட்கள் இறங்கிப்போன பிறகு அண்ணாச்சி கட்டுப் போட்ட காலோடு ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். சாவி மாற்று டிரைவரிடம் இருந்தது, அதனால் நான் தடுக்கவில்லை.

"பாய், இங்கன வாரும். நான் கண்ண மூடிக்கிடுதேன். என் காலப் பிடிச்சு எதுலயாவது வையும். எதுன்னு நான் சொல்லுதேன். சரியாச் சொல்லிட்டேன்னா நீரும் வாயத் தொறக்கப்பிடாது, அந்த டாக்டரும் தொறக்கப்பிடாது."

டிரைவர் கண்ணை மூடப்பிடாது என்று சொன்னவர், தானாகவே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நான் பானெட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவருடைய வலது காலை இரண்டு கையாலும் பிடித்தேன். எத்தனையோ தடவை என் மடியில் கிடந்த கால். அன்றைக்குக் கனமாக இருந்தது. ஆக்ஸிலேட்டரில் வைக்கவா, பிரேக்கில் வைக்கவா என்று யோசித்தேன். இரண்டிலும் வைக்கவில்லை. தரையில், வெறும் ரப்பர் விரிப்பில் வைத்தேன்.

அவர் மெதுவாக அழுத்தினார். முகம் மலர்ந்தது.

"பிரேக்கு" என்றார்.

ஆமா அண்ணாச்சி என்று சொல்லிவிட எனக்கு ஆசையாக இருந்தது. இந்த உலகத்தில் வேறு எந்தப் பொய்யையும் அவ்வளவு ஆசையோடு சொல்ல நினைத்ததில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு, வண்டியை நிறுத்திவிட்ட சந்தோஷத்தில் உட்கார்ந்திருந்தார்.

"கண்ணத் தொறந்து பாருங்க" என்றேன்.

பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கை ஒரு தடவை துண்டால் துடைத்தார், நாளின் கடைசி நடை முடிந்ததும் துடைப்பாரே, அதே மாதிரி. சீட்டுக்குக் கீழே கைவிட்டுப் பழைய செருப்பை எடுத்தார். "கையக் குடும்" என்றார். இறக்கிவிட்டேன். முதலாளியிடம் அவரே போய்ச் சொன்னார். நான் வாசலில் நின்றேன்.

அந்தப் புண் ஆறிவிட்டது. விரல் ஐந்தும் இருக்கின்றன. இப்போது அவருக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்தென்ற செருப்பு. வீட்டுக்குள்ளும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. எனக்கும் ஓய்வாகிவிட்டது. இன்றைக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சேர்ந்துதான் போகிறோம். காப்பி குடிக்காமல் வருகிறார். வரிசையில் யாராவது, "ஒண்ணும் பண்ணல, எதுக்குப் பாக்கணும்" என்று முனகினால் எனக்கு மூக்குப் புடைக்கும், பிடித்து உட்காரவைத்துப் பாடம் எடுத்துவிடுவேன். "பாய் டிக்கெட் கிழிக்காம இருக்க மாட்டாரு" என்று அண்ணாச்சி சமாதானம் சொல்வார்.

நர்ஸ் பார்ப்பதற்கு முன்னால் நான் ஒரு தடவை பார்த்துவிடுவேன். தொப்பையை மீறிக் குனிய அவரால் முடிவதில்லை. பெஞ்சில் உட்கார்ந்து காலை என் மடியில் வைப்பார். ஊக்கை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை, சட்டைப் பையில் இருக்கிறது.

"ஏதும் தெரியுதா?" என்று அவர்தான் இப்போது கேட்கிறார்.

"ஒண்ணும் தெரியல அண்ணாச்சி. சுத்தமா இருக்கு."

"அப்பச் சரி."

போன தடவை ஆஸ்பத்திரி முடிந்து எங்கள் பழைய பஸ்ஸிலேயே ஏறினோம். அவருக்கு டிரைவருக்குப் பின்னால் உள்ள முதல் சீட்டைக் கொடுத்தார்கள். ஓட்டுகிறவர் புது ஆள், செருப்புப் போட்டிருந்தார். அண்ணாச்சி ஜன்னல் வழியாகப் பருத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டு, இந்த வருஷ மழையைப் பற்றி என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு நிறுத்தம் நெருங்கும்போது பின்னாலிருந்து கண்டக்டர், வண்டியை நிறுத்தச் சொல்லி ஒற்றை விசில் கொடுத்தார்.

அண்ணாச்சியின் வலது கால் முன்னால் நகர்ந்து தரையை மெதுவாக அழுத்தியது. வண்டி நிற்கும்வரை அழுத்திக்கொண்டே இருந்தது. அவர் பேச்சை நிறுத்தவில்லை. தன் கால் செய்தது அவருக்குத் தெரியவில்லை. நான் பார்த்தேன், சொல்லவில்லை.